துணைக்கு ஒரு ரிவால்வர்

ராக்கையா மாமாவைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் அவர் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது லேசில் திறக்காது. ஏலக்காய் விலை ஏறினாலும் "ம்", சரிந்தாலும் "ம்". மகள் அனுப்பிரியாவுக்கு மாப்பிள்ளை முடிவான அன்று, பந்தியில் அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோதும் அவரிடமிருந்து வந்தது அந்த ஒற்றை எழுத்துதான்.

நான் அதற்கு நேர் எதிர். பெயர் சிவக்குமார். போடியிலிருந்து காலையில் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு என்னுடையது. மலை உச்சி மெட்டுக்கு ஏறுகிற ரோட்டில் எத்தனை கொண்டை ஊசி வளைவு உண்டோ அத்தனையிலும் பேசிக்கொண்டேதான் ஏறுவேன். "ஒன் வண்டிக்கு ஹாரனே தேவையில்லடா சிவா, நீ வாயத் தெறந்தாலே எதுத்தாப்ல வர்றவன் ஒதுங்கிருவான்" என்பார் பொன்னுமணி அக்கா. ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களில் மூத்தவர். என்னை அதட்டுகிற உரிமை அவருக்கு உண்டு. ராக்கையா எனக்குத் தூரத்து உறவில் மாமன் முறை. அந்த முறையைச் சாக்காக வைத்துத்தான் அவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டுவது.

மெட்டுக்குச் சற்றுக் கீழே, தார் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கினால் அவர் தோட்டம். சரிவில் கொஞ்சம் ஏலம், மரங்களில் மிளகுக்கொடி, மேலே ஓட்டு வீடு, கீழே ஓடைப் பக்கம் காய் உலர்த்துகிற ஸ்டோர். வீட்டிலிருந்து கத்தினால் ஸ்டோருக்குக் கேட்காது. காய் எடுப்பு நடக்கிற மாதங்களில் பச்சைக்காயை ஸ்டோரில் பரப்பி, விடிய விடிய விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் தப்பினாலும் காயின் நிறம் போய்விடும். அதனால் மாமாவுக்குப் படுக்கை ஸ்டோரில், மகாராணி அத்தைக்கு வீட்டில். கல்யாணமான காலத்திலிருந்தே இப்படித்தான். மகள் இருந்தவரை வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அவளை மதுரையில் கட்டிக்கொடுத்த பிறகு அத்தை மட்டும்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய சீசனில், மாமா ஸ்டோரில் இருந்த ஓர் இரவு, யாரோ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். யாரென்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆள் போகவும் இல்லை. திருட வந்தவனோ, குடித்துவிட்டு வழி தப்பினவனோ, கடைசி வரை தெரியவில்லை. அத்தை அரிவாளைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார். காலையில் நான் ஆள் இறக்கப் போனபோதும் அவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. மாமா ஸ்டோரிலிருந்து ஏறி வந்து வாசலில் நின்றார்.

"இனிமே என்னால தனியா இருக்க முடியாதுங்க. துணைக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணுங்க" என்றார் அத்தை.

"ம்."

"ம்முன்னா?"

"பண்றேன்."

அந்த மாதமே அனுப்பிரியாவுக்குப் பிரசவம். அத்தை மதுரைக்குப் போனார். பேரன் பிறந்தான், குப்புற விழுந்தான், பல் முளைத்தது, நடந்தான். அத்தை வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போனவர் இல்லை அவர். போன் பேசும்போதெல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏற்பாடு பண்ணிட்டீகளா?" மாமா "பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்பார். "பண்ணிட்டுச் சொல்லுங்க, மறுநாளே வர்றேன்" என்பார் அத்தை. அந்த மனுஷன் தன்னந்தனியாக அந்த மலையில் கிடந்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான்.

ஆளாளுக்கு யோசனை சொன்னோம். "நல்ல நாயா ஒண்ணு வாங்கிப் போடுங்க மாமா" என்றேன் நான். வீட்டைச் சுற்றி லைட்டும் கேமராவும் போடச் சொன்னார் பொன்னுமணி அக்கா. எல்லாவற்றுக்கும் "ம்". பிறகு ஒருநாள் மாமா தேனி கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஏதோ பட்டா விஷயம் என்று நினைத்துக் கூட்டிப் போனேன். உள்ளே போய் அவர் கேட்டது துப்பாக்கி லைசென்ஸ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

"அவதான கேட்டா."

"அத்தை துப்பாக்கியா கேட்டுச்சு?"

"துணைக்குக் கேட்டா" என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். போலீஸ் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். எஸ்.ஐ. கேட்டார், "எதுக்குய்யா ஒமக்குத் துப்பாக்கி?" மாமா, "சம்சாரத்துக்குத் துணைக்கு சார்" என்றார். சம்சாரம் எங்கே என்றதற்கு மதுரையில் என்றார். "மதுரைல இருக்கவங்களுக்கு மலையில எதுக்குத் துப்பாக்கி?" "துப்பாக்கி வந்தாத்தான் சார் அவ வருவா." எஸ்.ஐ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சிரிக்கிற சோலியா சார் இது?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்காக அன்றைக்கு வெயில் சாய்கிற வரை ஸ்டேஷன் வாசலில் நின்றேன்.

லைசென்ஸ் வருவதற்குள் அவர் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. காலையில் ஒரு தடவை பொங்கி அதையே இரவுக்கும் வைத்துக்கொள்வார். அத்தையின் தையல் மெஷினைப் பழைய வேட்டியால் மூடி வைத்திருந்தார். தினமும் காலையில் மண்பாதை பிரிகிற இடத்துக்கு வந்து நிற்பார். வேலைக்கு ஆள் தேவையில்லாத நாளிலும் நிற்பார். நான் வண்டியை நிறுத்துவேன்.

"எத்தன பேரு?" என்பார்.

"பத்துப் பேரு மாமா."

"ம்."

திரும்பி இறங்கிப் போய்விடுவார். இதைக் கேட்கவா ஒரு மனிதன் பனியில் அவ்வளவு மேடு ஏறி வருவான்? மனுஷ முகம் பார்க்கத்தான் வருகிறார் என்று வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாவமாக இருக்கும். கூடவே ஆத்திரமும் வரும். போனைப் போட்டு "வா மகாராணி, நீயில்லாம முடியல" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் என்ன தேய்ந்தா போய்விடும்? நான் சொல்லியும் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், போய்விட்டார்.

ஒரு வழியாக லைசென்ஸ் வந்தது. புதுசுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்க அவரால் முடியவில்லை. தேவாரத்தில் வீரையா என்று ஒரு பெரியவர், மலையடிவாரத்தில் தென்னையும் வாழையும் வைத்திருப்பவர். யானை இறங்கினால் வானத்தைப் பார்த்து வெடிக்கலாம் என்று ஒரு காலத்தில் ரிவால்வர் வாங்கி, ஒருமுறைகூட வெடிக்காதவர். அவர் பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகத்தில் இருந்தார்கள். இந்தச் சனியன் எங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆபீசில் அனுமதி வாங்கி, இரண்டு பேர் லைசென்ஸிலும் முறைப்படி பதிந்து, அதை மாமா வாங்கினார்.

வீரையா அதைத் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தருவது போல இரண்டு கையாலும் தந்தார். பிரித்துப் பார்த்தால் ஒரே சந்தனம். ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கடப்பாரை, மோட்டார் சுவிட்சுக்கெல்லாம் வைக்கிற மாதிரி இதற்கும் வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். பழசைத் துடைக்கவே இல்லை. அதன் மேலேயே புதுசு. குழல் வாயில் ஒரு பொட்டு, தோட்டாவை அடிக்கிற குதிரை இடுக்கில் ஒரு பொட்டு, தோட்டா போடுகிற ஆறு ஓட்டைக்கும் ஆறு பொட்டு. எல்லாம் காய்ந்து சிமெண்டாக இறுகி, தோட்டா உருளை அசையவே இல்லை.

"ஒரு கொறையும் வச்சதில்லப்பா இதுக்கு. நல்லாக் கும்புட்ட பொருளு" என்றார் வீரையா.

"ஆமாய்யா, அதுக்கு மூச்சு முட்டுற அளவுக்குக் கும்பிட்டிருக்கீக" என்றேன். மாமா என் தொடையைக் கிள்ளினார்.

தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து சுத்தம் செய்ய ஆரம்பித்தார். ஈரத்துணியால் ஊறவைத்து, பழைய பல் விளக்குகிற பிரஷால் தேய்த்து, இடுக்குகளை ஊசியால் நோண்டினார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த அறையே கோயில் மாதிரி மணத்தது. கடைசியில் உருளை அசைந்தது. எண்ணெய் போட வேண்டும். வீட்டில் இருந்தது அத்தை தலைக்கு வைத்துவிட்டுப் போன தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றுதான். திறந்தால் சிக்கு வாடை. மாமா அதையே எல்லா ஓட்டையிலும் தாராளமாக விட்டார். அரிவாளுக்குப் போடுகிறோமே, துப்பாக்கிக்கு என்ன என்பது அவர் கணக்கு.

போடி வெயிலாக இருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். அது மார்கழி, மெட்டுக் குளிர். மறுநாள் காலையில் பார்த்தால் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து, ஆறு ஓட்டையும் அடைத்து, உருளை மறுபடியும் சண்டித்தனம் செய்கிறது. மனுஷன் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் போகிறார். "மாமா, தோட்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டை ஒட்டின சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தோட்டாதான் இன்னும் வாங்கவே இல்லையே என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வேறு வழியில்லாமல் அதைப் பூட்டிய பெட்டியில் வைத்து, லைசென்ஸ் புத்தகத்தோடு பஸ்சில் மதுரைக்குப் போனார். அங்கே துப்பாக்கிக் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "எண்ணெ தேச்சு விட்டிருக்கீங்க சரி, சடை பின்னிப் பூவும் வச்சுக் கொண்டாந்திருக்கலாம்ல?" என்றாராம். பிரித்துக் கழுவி, சுருள்கம்பி ஒன்றை மாற்றி, அதற்கென்று உள்ள எண்ணெய், நீளக்கம்பி, பித்தளைப் பிரஷ் எல்லாம் கொடுத்து, எப்படித் துடைப்பது என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலமே மாமா போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஏற்றிக்கொண்டு போக நான்தான் நின்றேன்.

"அத்தை எப்படி இருக்கு? பேரன் என்ன சொல்றான்?" என்றேன்.

"போகல."

"என்ன, போகலையா?"

"சோலி முடியட்டும்னு வந்துட்டேன். கையில இது வேற. சின்னப்புள்ள இருக்க வீடு."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். "ஏன் மாமா, மதுரை வரைக்கும் போயிருக்கீக! பெட்டியக் கடையிலயே கொடுத்து வச்சிட்டு ஒரு எட்டு பாத்துட்டு வந்தா என்ன? அத்தை முகத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு ஒங்களுக்கு?" அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெறுங்கையோட எப்படிப் போறது மாப்ளே" என்றார். அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பொங்கல் கழிந்ததும் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "ஏற்பாடு பண்ணிட்டேன். வா" என்றார். என்ன ஏற்பாடு என்று அத்தை கேட்டிருக்க வேண்டும். "வந்து பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அத்தை மதுரை ரயிலில் வந்து இறங்கினார். கையில் இரண்டு பை. மாமாவுக்கு மப்ளர், முறுக்கு, பேரன் படம் ஒன்று சட்டம் போட்டு. அத்தை தங்கிவிடுகிற எண்ணத்தில்தான் வந்திருந்தார். வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைக் குடைந்தார்.

"என்ன மருமகனே ஏற்பாடு? ஸ்டோர வீட்டுக்குப் பக்கத்துல மாத்திட்டாரா?"

"தெரியல அத்தை."

"பின்ன, விறகு போட வேற ஆளு வச்சிட்டாரா? அப்ப ராத்திரி வீட்லதான் படுப்பாரு, இல்ல?"

எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. மெட்டு ஏறும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒனக்கென்ன தொண்டை கட்டிக்கிருச்சா என்று அத்தை சிரித்தார்.

மாமா வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். அத்தை உள்ளே வந்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பீரோவைத் திறந்து, துணிப்பொதியை எடுத்து, பேப்பர் விரித்த மேசையில் வைத்துப் பிரித்தார். ரிவால்வர் புதுசு மாதிரி மின்னியது. அத்தை அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமாவோ தனக்கிருந்த சந்தோஷத்தில் எதையும் கவனிக்கவில்லை. கொக்கியை அழுத்தி அதை நடுவில் மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டினார். தேவாரம், சந்தனம், கடைக்காரர் எல்லாக் கதையையும் அவராகவே சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பேசிக்கொண்டே கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டுத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நாங்கள் இரண்டு பேர் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

"இருத்தா, இருத்தா. இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சூண்டு ஒட்டியிருக்கு. இந்தா எடுத்துட்டேன்" என்றார் அதனிடம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருளையைச் சுற்றினார். அது கொஞ்சம் தயங்கித்தான் சுற்றியது. "என்னாத்தா, குளுருதா?" என்று அதை வேட்டி முனையில் பொதிந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

தினமும் இப்படித்தான் பேசுகிறார் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கே விளங்கிவிட்டது. அத்தைக்கு விளங்காமல் இருக்குமா?

"என்னைய என்னைக்காச்சும் குளுருதான்னு கேட்டிருக்கீகளா?" என்றார் அத்தை.

மாமா நிமிர்ந்தார்.

"இத்தன வருசம் இந்தக் குளுருலதான கெடந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டிருக்கீகளா?"

"ஒனக்காகத்தான இத வாங்கினேன்" என்றார் மாமா. "நீதான துணைக்கு ஏற்பாடு பண்ணச் சொன்ன. அதான் வாங்கிட்டேனே."

அத்தை அழுவார் என்று நினைத்தேன், சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. "துணைன்னு ஒங்களத்தான்யா சொன்னேன். ராத்திரி ஸ்டோருக்குப் போகாதீக, இல்ல என்னையும் கூட்டிட்டுப் போங்க, அந்த அடுப்புப் பக்கத்துல ஒரு சாக்க விரிச்சுப் போட்டா நானும் கெடக்குறேன், அதான நான் கேட்டது?"

"அத அப்படிச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு பொம்பள அத வேற எப்படிச் சொல்லுவா?"

மாமா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அத்தை எழுந்து, கொண்டுவந்த மப்ளரையும் முறுக்கையும் பேரன் படத்தையும் மேசையில் வைத்தார். பைகளை எடுத்துக்கொண்டு, "மருமகனே, வண்டியத் திருப்பு" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இரண்டு பேரையும் பிடித்து ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடலாமா என்றிருந்தது.

வண்டியைக் கிளப்பும் நேரத்தில் மாமா ஓடி வந்தார். ரிவால்வரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்ததில் மூச்சு வாங்கியது. அத்தை உட்கார்ந்திருந்த பக்கம் வந்து ஜீப்புக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் எஞ்சினை அணைத்தேன்.

"இருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார் அத்தை. "வேற ஒண்ணும் வேண்டாம். ஒரு வார்த்த. எறங்கிர்றேன்."

அவர் வாய் திறந்தது. கண் கலங்கிவிட்டது. அந்தச் சொல் உள்ளே எங்கேயோ இருக்கிறது, வெளியே வரத்தான் வழி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லித் தொலைங்க மாமா, சொல்லித் தொலைங்க என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பனி சரிவிலிருந்து ஏறி வந்து எங்களை மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"வளைவுல பாத்து மெதுவாப் போ மாப்ளே" என்றார்.

கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் வண்டியை எடுத்தேன். கதவில் அவர் பிடித்திருந்த இடத்தில் துப்பாக்கி எண்ணெய் நான்கு விரலாகப் படிந்திருந்தது. சேலையில் படப்போகிறது, துடைத்துவிடுங்கள் என்று அத்தையிடம் சொன்னேன். அவர் துடைக்கவில்லை. அந்த நான்கு விரல் மேல் தன் விரல்களை வைத்துக்கொண்டு போடி வரைக்கும் வந்தார்.